இங்கிலீஷ் தடுமாறினாலும் ஜெர்மன் வரும்: வடசென்னையிலிருந்து பி1 வரை முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் ஜெர்மன் படிக்க வருகிறார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருவர் வெல்டர், இரண்டு பையன்கள் டிப்ளமோ முடித்தவர்கள், இன்னொரு பெண்ணுக்குப் புதிதாகக் கல்யாணமாகி கணவர் ஜெர்மனியில் வேலையில் இருக்கிறார். முதல் நாள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அக்கா, எனக்கு இங்கிலீஷே தட்டுத்தடுமாறித்தான் வரும், இதுல ஜெர்மன் எப்படி வரும்?"

நானும் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்தான். அதே பயத்தோடுதான் ஆரம்பித்தேன். இப்போது ஆறு நிலைகளில் நான்காவதான பி2 முடித்துவிட்டு அடித்துச் சொல்கிறேன்: ஜெர்மனுக்குப் போக இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. தமிழிலிருந்து நேர்வழி இருக்கிறது, பல இடங்களில் அதுதான் குறுக்குவழி. இதை யாராவது எனக்கு முதல் மாதமே சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரி அழாமல் படித்திருப்பேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே ஜெர்மன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது நீங்கள் தடையில்லாமல் வாசிக்கத்தான். உங்கள் நோட்டில் அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள். காரணம் கீழே வருகிறது.

முதல் படி: எதற்காக, எந்த அளவுக்கு

ஜெர்மன் எவ்வளவு தெரியும் என்பதை அளக்க, தொடக்கத்திலிருந்து மேலே போகப் போக ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள். எல்லாருக்கும் எல்லாம் தேவையில்லை. கணவரோடு அல்லது மனைவியோடு போய்ச் சேரும் விசாவுக்குப் பெரும்பாலும் ஏ1 போதும். அவுஸ்பில்டுங் என்று சொல்கிறார்களே, வேலையும் படிப்பும் சேர்ந்த தொழிற்பயிற்சி, அதற்குப் பொதுவாக பி1. நர்ஸாகப் பதிவு பெற்று வேலை பார்க்க பி2 வரை போக வேண்டியிருக்கும். ஜெர்மன் மொழியிலேயே நடக்கும் பட்டப்படிப்பு என்றால் பி2 தாண்டி சி1 பக்கம் போய்விடும். 2024 ஜூன் 1 முதல் சான்சன்கார்டே என்று, அங்கே போய் வேலை தேடுவதற்கான ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. அதற்குப் புள்ளிக் கணக்கில் விண்ணப்பிப்பவர்களுக்கு மொழித் தகுதியாக ஏ1 ஜெர்மனோ பி2 இங்கிலீஷோ இருக்க வேண்டும், ஜெர்மன் அதிகமாகத் தெரிந்தால் புள்ளிகளும் கூடும். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்காமல் தூதரகத்தின் இணையதளத்தை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்து, எவ்வளவு நாளாகும்? ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனத்தின் கணக்குப்படி ஏ1-க்கு 80 முதல் 200 பாடவேளை, பி1 வரைக்கும் 350 முதல் 650, பி2 வரைக்கும் 600 முதல் 800. ஒரு பாடவேளை 45 நிமிஷம். பி1-க்கு நடுவாக 500 என்று வைத்தால் 375 மணி நேரம் வரும், தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 250 நாள், அதாவது எட்டு மாசத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "மூன்று மாசத்தில் பி2, வேலை உத்தரவாதம்" என்று ஒரு போர்டைப் பார்த்து நான் பணம் கட்டினேன். மூன்று மாசம் கழித்து எனக்கு ஏ1-கூட உறுதியாக இல்லை. கட்டிய பணம் அம்மாவின் சீட்டுப் பணம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

இரண்டாம் படி: வாயும் காதும்

முதல் இரண்டு வாரம் இலக்கணமே வேண்டாம், ஒலி மட்டும். இங்கேயே தமிழ் நமக்குப் பெரிய கை கொடுக்கிறது. இங்கிலீஷ் படித்தவர்கள் முதல் உயிரெழுத்தை "ஏ" என்பார்கள், அடுத்ததை "ஈ" என்பார்கள், எல்லாம் குழம்பிக் கிடக்கும். ஜெர்மனில் ஐந்து உயிரெழுத்துகளின் பெயர் என்ன தெரியுமா? ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. நம் நெடில்கள் அப்படியே. ஏ1 பேச்சுத் தேர்வில் பெயரையோ ஊரையோ எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்வார்கள், பயத்தில் இங்கிலீஷ் பெயர்கள் வாயில் வந்துவிடும். உங்கள் பெயரையும் தெருப் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி பழகுங்கள்.

குறில் நெடில் விளையாட்டும் நமக்குப் பிறவியிலேயே தெரியும். ஷ்டட் என்றால் நகரம், ஷ்டாட் என்றால் அரசு. ஒஃபன் என்றால் திறந்திருக்கிறது, ஓஃபன் என்றால் அடுப்பு. படம், பாடம் என்று வித்தியாசம் பிடித்த காதுக்கு இது ஒன்றுமே இல்லை.

சறுக்குகிற இடமும் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் க ஒன்றுதான், ப ஒன்றுதான், ட ஒன்றுதான். தோட்டத்துக்கும் அட்டைகளுக்கும் ஜெர்மனில் உள்ள வார்த்தைகளைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே "கார்டன்" என்றுதான் வரும். ஒன்று "கோலி"யில் வருகிற, தொண்டை அதிரும் க. இன்னொன்று "கால்" என்பதில் வருகிற க. நோட்டில் தமிழில் எழுதாதீர்கள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம், இரண்டு மாசம் கழித்துத் திரும்பப் படிக்கும்போது தோட்டத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பீர்கள். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிச் சொல்லுங்கள், அதிர்வு விரலில் தெரியும்.

அப்புறம், தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்துகள். "ஈ" சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் "ஊ" மாதிரி குவியுங்கள், ஊ-வுக்கு மேல் புள்ளி வைத்த ஒலி வந்துவிட்டது. "ஏ" சொல்லிக்கொண்டே உதட்டை "ஓ" மாதிரி குவித்தால் ஓ-வுக்கு மேல் புள்ளி வைத்த ஒலி. கண்ணாடி முன்னால் நின்று செய்ய வேண்டும், வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். "நான்" என்பதற்கான இஹ் என்ற வார்த்தையைப் பலர் "இஷ்" என்றோ "இக்" என்றோ சொல்கிறார்கள். "ஈ" சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே வைத்து, குரல் இல்லாமல் காற்றை மட்டும் விடுங்கள். இதை ஒரு வாரம் பழகினாலே பேச்சின் நிறம் மாறிவிடும்.

கஷ்டமாக இருக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களை நினைத்துக்கொள்வேன். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், பள்ளிக்கூடச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். நமக்குப் பக்கத்தில் வேப்பேரியில் பல வருஷம் இருந்த பெப்ரிஷியஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1779-இல் தமிழ் – இங்கிலீஷ் அகராதியே வெளியிட்டார். புரசைவாக்கம் பக்கம் போனால் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவர்கள் நம் ழ-வோடு மல்லுக்கட்டியதற்கு நாம் அந்த இரண்டு புள்ளியோடு மல்லுக்கட்டுவது பெரிய விஷயமில்லை.

மூன்றாம் படி: சமையல்கட்டில் டேர், டீ, டஸ்

ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், இரண்டுமல்லாதது என்று ஒரு பால் உண்டு, அதற்கேற்ப முன்னால் டேர், டீ, டஸ் என்று ஒட்டிக்கொள்ளும். இங்கே தமிழ் உதவாது, சொல்லப்போனால் இடைஞ்சல்தான். நமக்கு உயிரில்லாத பொருளெல்லாம் "அது", முடிந்தது. அவர்களுக்கு அரிசி ஆண், பால் பெண், உப்பு இரண்டுமல்லாதது, சின்னப் பெண்ணைக் குறிக்கும் மேட்ஹென் என்ற சொல்கூட டஸ். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. சண்டை போடாமல், வார்த்தையோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். "ரைஸ்" என்று படிக்காதீர்கள், "டேர் ரைஸ்" என்று ஒரே மூச்சில் படியுங்கள்.

நான் செய்தது இதுதான். மூன்று நிறத்தில் சின்னச் சீட்டு வாங்கினேன். டேர் நீலம், டீ சிவப்பு, டஸ் பச்சை. சமையல்கட்டில் ஆரம்பித்தேன். அரிசி டப்பாவில் நீலச் சீட்டு, சர்க்கரை டப்பாவிலும் நீலம், டேர் ட்ஸுக்கர். வெங்காயக் கூடையில் சிவப்பு, டீ ட்ஸ்வீபல். உப்பு ஜாடியில் பச்சை, டஸ் ஸல்ட்ஸ். எண்ணெய் டின் மேல் ஒட்டிய பச்சைச் சீட்டு ஒரே வாரத்தில் பிசுக்குப் பிடித்து ஓரம் சுருண்டுவிட்டது, எழுத்துகூடத் தெரியவில்லை, ஆனால் பச்சை என்பது கண்ணில் நின்றுவிட்டது. அது போதும். மூன்றாவது வாரம் அம்மா அடுப்பங்கரையிலிருந்து "டீ ட்ஸ்வீபல் ரெண்டு எடுத்துக் குடும்மா" என்று குரல் கொடுத்தார். அன்றைக்குத்தான் இந்த முறை வேலை செய்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

சில வால்கள் கைகொடுக்கும். உங், ஹைட், கைட், ஷஃப்ட் என்று முடிந்தால் டீ. ஹென் என்று செல்லமாகச் சுருக்கினால் டஸ். கிழமை, மாதம், பருவம் எல்லாம் டேர். இரண்டு மூன்று சொற்களை ஒட்டவைத்த நீளமான சொல்லைப் பார்த்து மலைக்காதீர்கள், நம் கைக்கடிகாரம், மீன்குழம்பு மாதிரிதான் அதுவும். கையுறைக்கு அவர்கள் சொல் ஹன்ட்ஷூ, கைச்செருப்பு என்று பிரித்துப் புரிந்துகொள்ளலாம். கடைசிச் சொல் எந்தப் பாலோ முழுச்சொல்லும் அதே பால்.

நான்காம் படி: வேற்றுமை, நம் சொத்து

வகுப்பில் எல்லாரும் மிரளுகிற இடம் இது. எனக்கு இங்கேதான் கதவு திறந்தது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"மீர் இஸ்ட் கல்ட்" என்று ஒரு வாக்கியம் வந்தது. வகுப்பில் இங்கிலீஷில் விளக்கினார்கள், அதில் "நான்" எங்கே போனது என்று யாருக்கும் புரியவில்லை, விதிவிலக்கு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மழைச்சாரல் அடித்தது, பக்கத்தில் ஒரு குழந்தை "எனக்குக் குளிருதும்மா" என்றது. எனக்குக் குளிருது. மீர் என்றால் எனக்கு! நாம் யாராவது "நான் குளிர்கிறேன்" என்று சொல்வோமா? அவர்களும் சொல்வதில்லை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து வரிசையாக எழுதினேன். இஹ், மிஹ், மீர் – நான், என்னை, எனக்கு. டூ, டிஹ், டீர் – நீ, உன்னை, உனக்கு. ஏர், ஈன், ஈம் – அவன், அவனை, அவனுக்கு. அவர்களுக்கு மொத்தம் நான்கு வேற்றுமைதான், நமக்கு எட்டு. எழுவாய், ஐ, கு, உடைய – இவ்வளவுதான் அங்கே. எட்டாம் வகுப்பில் வேற்றுமை உருபு எழுதச் சொல்லித் தமிழ் ஐயா பிரம்பால் தட்டியதெல்லாம் இங்கே பலன் தருகிறது.

இன்னும் பாருங்கள். "மீர் டூட் டேர் கொப்ஃப் வே" – எனக்குத் தலை வலிக்கிறது. "மீர் ஷ்மெக்ட் டேர் ஃபிஷ்" – எனக்கு மீன் ருசிக்கிறது. "எஸ் கெஃபெல்ட் மீர்" – அது எனக்குப் பிடிக்கிறது. "டஸ் கெஹோர்ட் மீர்" – அது எனக்குச் சொந்தம். உதவுவது, நன்றி சொல்வது, பதில் சொல்வது எல்லாம் நமக்கு "உனக்கு"தானே? அங்கேயும் டீர்தான். இங்கிலீஷ் வழியாக வருபவர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள், நாம் தமிழில் ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும்.

பெயர்ச்சொல்லில் எப்படி வரும்? நாம் உருபை வாலில் ஒட்டுவோம்: மீனை, மீனுக்கு. அவர்கள் முன்னால் நிற்கும் டேர்-ஐ மாற்றுவார்கள்: மீன் டேர் ஃபிஷ், மீனை டேன் ஃபிஷ், மீனுக்கு டேம் ஃபிஷ். ஐ வரும்போது ஆண்பால் ஒருமை மட்டும்தான் மாறும். டீயும் டஸ்ஸும் அப்படியே நிற்கும், அதுவே பெரிய நிம்மதி.

இனி, தமிழ் காலை வாரிவிடும் மூன்று இடங்கள். ஒன்று, நாம் அஃறிணைக்கு ஐ-யை விழுங்கிவிடுவோம். "மீன் வாங்கினேன்" என்போம், "மீனை வாங்கினேன்" என்று எப்போதாவதுதான் சொல்வோம். ஜெர்மனில் விழுங்க முடியாது, மனதில் ஒரு ஐ சேர்த்துக்கொண்டே பேச வேண்டும். இரண்டு, "பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்" என்று நாம் கு போடும் இடத்தில் அவர்கள் ஐ வடிவம் போடுவார்கள்: இன் டீ ஷூலே. பள்ளிக்கூடத்தில் இருந்தால்தான் கு வடிவம், அதில் டீ என்பது டேர் ஆகிவிடும்: இன் டேர் ஷூலே. போகிறதா, இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் விடை வரும். மூன்று, சில வினைகள் பொருந்தாது. "உனக்கு போன் பண்றேன்" என்போம், அங்கே டிஹ். "உன்னை நம்புகிறேன்" என்போம், அங்கே டீர். இப்படி மாறி வருபவற்றை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்து வையுங்கள், என்னுடையது இன்னும் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

நீ, நீங்கள் வித்தியாசமும் அப்படியே இருக்கிறது. டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். கடைக்காரரிடம், டாக்டரிடம், தேர்வு நடத்துபவரிடம் ஸீ. இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வினை எங்கே உட்காரும்

சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தில் வரும், அது பழக வேண்டியது. "இஹ் கௌஃபே ஹொய்டே ஃபிஷ்" – நான் வாங்குகிறேன் இன்றைக்கு மீன். "இன்றைக்கு" என்று ஆரம்பித்தாலும் வினை இரண்டாவது இடத்தை விடாது: "ஹொய்டே கௌஃபே இஹ் ஃபிஷ்".

ஆனால் "ஏனென்றால்", "என்று", "மழை பெய்தால்" என்பதில் வரும் ஆல் மாதிரி இணைப்பு வந்துவிட்டால் வினை கடைசிக்கு ஓடிவிடும். மற்றவர்கள் தலையில் கை வைக்கிற இந்த இடத்தில் நாம் காலை நீட்டி உட்காரலாம். "வைல் இஹ் ஹொய்டே அர்பைடன் முஸ்". வைல் என்றால் ஏனென்றால். மீதியை வார்த்தைக்கு வார்த்தை போடுங்கள்: நான், இன்றைக்கு, வேலைசெய்ய, வேண்டும். வரிசையே மாறவில்லை! கடந்த காலமும் இப்படித்தான். "கெகௌஃப்ட் ஹாபே" – வாங்கி இருக்கிறேன். "கெகொம்மன் பின்" – வந்து இருக்கிறேன், அந்த பின் என்பதற்கே "இருக்கிறேன்" என்றுதான் அர்த்தம். போவது வருவது மாதிரி இடம் மாறும் வினைகளுக்கு பின் வரும், பெரும்பாலான மற்றவற்றுக்கு ஹாபே.

ஆகவே பயிற்சி இப்படி: தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள், வரிசை மாற்றாமல் ஜெர்மன் சொற்களைப் போடுங்கள், அது இணைப்பு வாக்கியம் என்றால் அப்படியே விடுங்கள். தனி வாக்கியம் என்றால் கடைசியில் நிற்கும் வினையை மட்டும் தூக்கி இரண்டாம் இடத்தில் வையுங்கள். தினம் பத்து வாக்கியம், இரண்டு மாசம். உருபு விட்டுப்போவது, பெயருக்கு முன்னால் வரும் "இன்" மாதிரிச் சொற்கள் தப்பாவது எல்லாம் இருக்கும், ஆனால் எலும்புக்கூடு நேராக நிற்கும்.

பிரிந்து போகும் வினைகளுக்கு எனக்கு மெட்ரோதான் வாத்தியார். ஏறுவது ஐன்ஷ்டைகன், மாறுவது உம்ஷ்டைகன், இறங்குவது அவுஸ்ஷ்டைகன். முன்னால் இருக்கும் துண்டு கழன்று கடைசிக்குப் போய்விடும். தண்டையார்பேட்டையில் ஏறும்போது "இஹ் ஷ்டைகே இன் தண்டையார்பேட்டை ஐன்", சென்ட்ரலில் இறங்கி பார்க் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது "இஹ் ஷ்டைகே இன் சென்ட்ரல் உம்", நுங்கம்பாக்கத்தில் "இஹ் ஷ்டைகே இன் நுங்கம்பாக்கம் அவுஸ்". வாரத்துக்கு மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்ததில் இதைத் தனியாகப் படிக்க வேண்டியே இருக்கவில்லை.

ஆறாம் படி: ஊரையே பாடப்புத்தகமாக்குவது

எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இருபத்தொன்று என்போம், அவர்கள் ஒன்றும் இருபதும் என்பார்கள்: ஐன் உன்ட் ட்ஸ்வான்ட்ஸிஹ். எழுதும்போது சுலபம், காதில் விழும்போது தலை சுற்றும். எங்கள் நர்ஸ் தங்கை காசிமேட்டுக்காரி, விடியற்காலை அவள் அப்பாவோடு ஏலத்துக்குப் போவாள். ஏலம் விடுபவர் விலையைக் கூவக் கூவ இவள் வாய்க்குள்ளேயே ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வருவாள். முந்நூற்று எழுபத்தைந்து என்றால் "முந்நூறு, ஐந்தும் எழுபதும்". அடுத்த விலை வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு மாசத்தில் அவள் எண்ணில் தடுமாறுவதே நின்றுவிட்டது, கேட்டல் தேர்வில் விலையும் ரயில் நேரமும் போன் நம்பரும்தான் நிறைய வரும் என்பதால் அது நேராக மதிப்பெண்ணாக மாறியது.

வியாசர்பாடிப் பையன்களுக்குக் கால்பந்து இருக்கவே இருக்கிறது. ஜெர்மன் வர்ணனையோடு ஆட்டத்தின் சுருக்கத்தைப் பாருங்கள். டோர் கோல், அப்ஸைட்ஸ் ஆஃப்சைட், எல்ஃப்மேட்டர் பெனால்டி. ஆட்டம் ஏற்கெனவே புரிவதால் மொழி தானாகப் பின்னால் வரும்.

காசில்லாமல் படிக்க நல்ல வழிகள் இருக்கின்றன. டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் நிகோஸ் வேக் என்ற வீடியோ பாடத்தை ஏ1 முதல் பி1 வரை இலவசமாகத் தருகிறது, கதை மாதிரி போகும். அதே நிறுவனம் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளையும் தருகிறது, பி1 தாண்டியதும் தினம் கேளுங்கள். கோதே நிறுவனத் தளத்தில் சொற்பட்டியல் கிடைக்கும்: ஏ1-க்கு சுமார் 650 சொல், ஏ2-க்கு 1300, பி1-க்கு 2400. தினம் பத்துச் சொல் என்று போனால் கணக்கு உங்களுக்கே தெரியும். மொபைல் ஆப் மட்டும் வைத்துக்கொண்டு முழுசாகப் படித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அதில் விரல்தான் பழகுகிறது, வாய் பழகுவதில்லை.

வாய் பழக ஆள் வேண்டும். ஒருவர் கிடைத்தாலும் போதும். நாங்கள் தினம் ராத்திரி ஒரு நிமிஷ வாட்ஸாப் குரல் பதிவு அனுப்பிக்கொள்கிறோம், இன்றைக்கு என்ன செய்தேன் என்று. வெல்டர் அண்ணன் முதல் வாரம் ஐந்தே வினாடி பேசினார்: எழுந்தேன், வேலை செய்தேன், தூங்குகிறேன். ஆறு மாசத்தில் அவர் பதிவைக் கேட்க நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் இடமில்லை, சத்தம் என்பது நம் பக்கம் நிஜமான பிரச்சினை. விடியற்காலை ஐந்து மணி, மொட்டைமாடி, பக்கத்துக் கிளை நூலகம், எது அமைகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல மொழி காதில் விழுவது நமக்குப் புதிதில்லை என்பதையும் மறக்காதீர்கள். மிண்ட் தெருவில் ஒரு கடையில் இந்தி, அடுத்த கடையில் தெலுங்கு, மண்ணடியில் உருது என்று கேட்டு வளர்ந்த காது இது.

ஏழாம் படி: வகுப்பும் தேர்வும்

கோதே நிறுவனம் சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கிறது. வகுப்பு உண்டு, நூலகம் உண்டு, தேர்வும் அங்கே எழுதலாம். கட்டணம் நம் வீட்டுச் செலவுக்குக் கனமானதுதான். வகுப்பை வேறு இடத்தில் படித்துவிட்டுத் தேர்வை மட்டும் அங்கே எழுதலாம், அதற்குத் தடையில்லை. தேர்வு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், படித்து முடித்த பிறகு பதியலாம் என்று இருக்காதீர்கள்.

நன்றாகக் கவனியுங்கள்: பயிற்சி மையம் தருகிற "வகுப்பு முடித்த சான்றிதழ்" வேறு, தேர்வுச் சான்றிதழ் வேறு. விசாவுக்குக் கேட்பது கோதே, டெல்க், ஓஎஸ்டி மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட தேர்வுச் சான்றிதழை. எந்த மையத்தில் சேர்ந்தாலும் முதல் கேள்வி, "எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறீர்கள்?" என்பதாக இருக்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நர்ஸ் படித்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் தாட்கோவிலும், ஜெர்மன் பயிற்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள். வேலைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டே பாஸ்போர்ட் நகல்கூடக் கொடுங்கள்.

ஏ1 தேர்வு நான்கு பகுதி. கேட்டல் சுமார் 20 நிமிஷம், வாசித்தல் 25, எழுதுதல் 20, பேச்சு குழுவாக சுமார் 15 நிமிஷம். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கேட்டலில் முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் இரண்டு முறை வரும், நடுப்பகுதி ஒரே முறைதான். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வருகிற அந்த நடுப்பகுதியில் முந்தைய கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும், விட்டதை விட்டுவிட்டு நகருங்கள். எழுதுதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சுமார் 30 சொல்லில் ஒரு சின்ன மடல் எழுத வேண்டும். கொடுத்த மூன்று குறிப்புக்கும் ஆளுக்கொரு வாக்கியம் எழுதிவிட்டு நிறுத்துங்கள், அழகாக எழுத ஆசைப்பட்டு நீட்டினால் பிழைதான் கூடும்.

பி1-இல் நான்கு பகுதியும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 60 வேண்டும், ஒன்றில் விழுந்தால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். வாசித்தல் 65 நிமிஷம், கேட்டல் 40, எழுதுதல் 60, பேச்சு இன்னொருவரோடு ஜோடியாகச் சுமார் 15 நிமிஷம். ஜோடியாக ஒரு விஷயத்தைத் திட்டமிடச் சொல்வார்கள், நண்பருக்குப் பிறந்தநாள் மாதிரி. அங்கே நீங்கள் மட்டும் பேசித் தீர்க்காதீர்கள், எதிரில் இருப்பவரிடம் கேள்வி கேளுங்கள், அவர் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளுங்கள் அல்லது மறுத்து வேறு யோசனை சொல்லுங்கள். பேச்சு இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்பதையும் பார்க்கிறார்கள்.

பேச்சுத் தேர்வில் கேள்வி புரியாவிட்டால் விழிக்க வேண்டாம், "நொஹ் ஐன்மால், பிட்டே" என்று கேளுங்கள், இன்னொரு முறை என்று அர்த்தம், மறுபடி கேட்பதில் தப்பில்லை. எங்கள் வெல்டர் அண்ணன் ஏ1 பேச்சில் அதை இரண்டு முறை கேட்டார், மூன்றாவது கேள்விக்கு நிதானமாக "இஹ் வோனே இன் கொருக்குப்பேட்டை" என்று ஆரம்பித்து, கேட்காமலேயே அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது ஏ2 நோட்டு வாங்கிவிட்டார், அட்டையில் நீலச் சீட்டு ஒட்டியிருக்கிறது.